ஆறரை மணிக்குக் கண்ட முகம்

பலெர்மோ,
ஜனவரி 19

அன்புள்ள றோஸ்மேரி அக்காவுக்கு,

மடு மாதாவின் துணையால் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனுசன் பிறின்சுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. எனக்கு நித்திரை குறைந்திருக்கிறது. மற்றபடி சுகம்.

வாட்ஸ்அப் இருக்க ஏன் கடிதம் என்று சிரிப்பீர்கள். உங்கள் போன் அத்தானின் கையில் இருக்கும்வரை அதில் எழுதுவதும் பேசாலை ஊர் முழுவதுக்கும் ஒலிபெருக்கி கட்டுவதும் ஒன்றுதான். கொட்வின் வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒட்டிக் கொடுக்கிறேன். வாசித்ததும் அடுப்பில் போடுங்கள்.

அன்று போனில் நீங்கள் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபிக்க வேண்டாம். "எங்கடை பிள்ளையின்ர உயிர் போயிருக்கு, நீ அதிலை இருக்கிறாய், அவனை விட்டிடாதை" என்றீர்கள். பக்கத்து வீட்டில் லூர்தம்மா மாமி மகனை நினைத்து அழுவதை ஒவ்வொரு நாளும் கேட்கிற உங்களுக்கு வேறு என்ன சொல்ல வரும்? ஆனால் அக்கா, நான் மாமியின் ஆளாக அங்கே இருக்கவில்லை.

இங்கே கொலை வழக்கென்றால் இரண்டு நீதிபதிகளோடு சாதாரண சனத்தில் ஆறு பேரும் இருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். பெயரைக் குலுக்கி எடுப்பார்கள். ஆறு வயதில் வந்து, இங்கேயே படித்து, இந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்ததால் என் பெயரும் அதற்குள் கிடந்திருக்கிறது. பல் வைத்தியரின் வாசலில் இருந்து பெயர் பதிகிற எனக்குத் தோளில் இத்தாலிக் கொடியின் மூவர்ணப் பட்டி! செத்தவர் உறவா, பழக்கமா என்று தலைமை நீதிபதி அம்மா முதல் நாளே கேட்டார். கீர்த்திகன் இங்கே வந்து எட்டு மாதத்தில் செத்துப்போனான், நான் அவனைக் கண்டதே இல்லை என்றேன். அவனுடைய அம்மா என் அக்காவின் அயல்வீடு என்பதையும் சொன்னேன். இரு பக்கச் சட்டத்தரணிகளும் பரவாயில்லை என்றார்கள்.

மண்டபத்தில் எல்லாரும் கேட்டதைத்தான் எழுதுகிறேன். ஒரேத்தோத் தெருவில் கீர்த்திகன் இருந்த கட்டடத்தின் கீழ்வீட்டுக்காரன் சால்வோ. படிவாசலை மறித்து ஸ்கூட்டர் விடுவான். அதற்காக மூன்று தரம் சண்டை. "உன்னைப் படியால் தள்ளி விழுத்துவேன்" என்று அவன் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கிறது. போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கீர்த்திகன் அந்தப் படியின் அடியில் அடிபட்டுக் கிடந்தான். மாலை ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் உயிர் போயிருக்கிறது என்கிறார் வைத்தியர். கூண்டில் நிறுத்தியிருப்பது சால்வோவை. அந்த நேரம் தன் வீட்டில் தனியாக இருந்தேன் என்கிறான்.

கண்ட சாட்சி ஒருவர்தான். எங்கள் கோவிலில் செபம் சொல்லுகிற ஸ்ரீபன் அண்ணை, எதிர்க் கட்டடத்தில் இருப்பவர். "சிலுவைப்பாதை முடிஞ்சு வாறன், ஆறரை இருக்கும், உவன் வாசலாலை ஓடுறான். லைற் வெளிச்சத்திலை முகத்தைக் கண்டனான்" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை இத்தாலியனில் சொன்னார். எனக்குப் பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் கொப்பியில் "6.30, முகம்" என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார்.

ஆனால் நேரம் பொருந்தவில்லை அக்கா. எங்கள் சிலுவைப்பாதை தொடங்குவதே ஆறு மணிக்கு. வீட்டு வேலைக்குப் போகிற சனம் சிஞ்ஞோரா அம்மாமாரிடமிருந்து விடுபட்டு வர ஐந்தரை தாண்டிவிடும். பதினான்கு நிலை, ஒவ்வொரு நிலைக்கும் முழங்கால், ஒவ்வொரு நிலைக்கும் பாட்டு. ஏழேகாலுக்கு முன் முடிந்ததை நான் கண்டதில்லை. மற்றவர்கள் நடுவில் நழுவலாம். செபம் சொல்பவர் எப்படி நழுவுவார்? அன்று எனக்கு வேலை, நான் போகவில்லை. போயிருந்தால் நானே சாட்சியாகியிருப்பேன்.

அந்த மண்டபத்தில் தீர்ப்புச் சொல்ல இருந்த எட்டுப் பேரில் இது என் ஒருத்திக்குத்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் துண்டில் எழுதி நீட்டலாம், தலைமை நீதிபதி கேட்பார். நான் நீட்டவில்லை. ஸ்ரீபன் அண்ணையின் வயதென்ன, என் வயதென்ன! கோவில் சனம் முழுவதும் பின்வரிசை வாங்குகளில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை அவரை மறுபடி கூப்பிடுகிறார்கள். அதன் பிறகு சந்தர்ப்பம் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் சால்வோ சாகும்வரை சிறையில்தான்.

எனக்காகச் செபியுங்கள் அக்கா. பயமாக இருக்கிறது.

உங்கள் தங்கை,
அனிற்றா


பலெர்மோ,
மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

தீர்ப்பு இதற்குள் உங்களுக்கு வந்திருக்கும். சால்வோவை விட்டுவிட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த துண்டைப் பற்றியும் வந்திருக்கும், கை கால் முளைத்து. நடந்ததை என் கையாலேயே எழுதுகிறேன்.

துண்டில் இரண்டே கேள்விதான். அன்று சிலுவைப்பாதை எத்தனை மணிக்குத் தொடங்கியது, செபம் சொன்னது யார். நீதிபதி அம்மா வாசித்துவிட்டு அப்படியே கேட்டார். ஸ்ரீபன் அண்ணை மொழிபெயர்ப்பாளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு, "நான்தான் சொன்னனான். முடிய ஏழேகால்" என்றார். அப்படியென்றால் யாரைக் கண்டீர்கள் என்றார்கள். "ஒருத்தரையும் காணேல்லை. ஆனா அவன்தான் எண்டு எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்னதை உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. கீர்த்திகனின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு இருந்தபோது மாமி போனில் வந்திருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். "என்ர பிள்ளையின்ர கடைசி நேரத்தை ஆராவது கண்டனியளோ?" என்று மாமி கேட்டாராம். நாற்பது பேர் இருந்த இடத்தில் மூச்சுச் சத்தம் இல்லையாம். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் இவர், "அம்மா, அவன் ஓடினதை நான் கண்டனான்" என்று சொல்லிவிட்டார். ஆறுதலுக்காகச் சொன்னது கொஸ்தூரா பொலிஸ் வரைக்கும் போய்விட்டது. அங்கே போனபின் மாமியை நினைத்து மாற்றிச் சொல்ல முடியவில்லையாம். நான் குனிந்து பட்டியின் நூலை இழுத்துக்கொண்டிருந்தேன். தீர்ப்புக்கு முன்பே உண்மையைச் சொன்னதால் அவருக்குத் தண்டனை வராது என்கிறார்கள்.

கடைசியில் போனை எல்லாம் வாங்கிக்கொண்டு எட்டுப் பேரையும் உள்ளே விட்டுப் பூட்டினார்கள். ஒன்றரை நாள். அதற்குள் யார் என்ன சொன்னார் என்பதை எந்தக் காலத்திலும் வெளியில் சொல்லக் கூடாது. பிறின்சுக்குக்கூடச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த சட்டத்தை மட்டும் சொல்கிறேன். எங்கள் கூட்டங்களில் பெரியவர்கள் சொல்லி முடிக்க இளையவர்கள் தலையாட்டுவோம். இங்கே ஆறு பேரில் வயதில் இளையவர்தான் முதலில் சொல்ல வேண்டும், நீதிபதிகள் கடைசியில். இளையவர்கள் மற்றவர்களின் முகம் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. நாலுக்கு நாலு வந்தால் எதிரிக்கூண்டில் நிற்கிறவருக்குச் சாதகம். எனக்கு முப்பத்தாறு வயது. மற்ற ஐந்து பேரும் என்னைவிட மூத்தவர்கள்.

சால்வோ நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் செய்யவில்லை என்றும் எனக்குத் தெரியாது. செய்தான் என்பதும் யாருக்கும் தெரியாது, எங்கள் சனத்தைத் தவிர. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கீர்த்திகனின் சாவுக்கு இன்றைக்கு ஒரு பதிலும் இல்லை. நான் அந்தத் துண்டை நீட்டாமல் இருந்திருந்தால் ஒரு பதில் இருந்திருக்கும், பொய்யான பதில் என்றாலும்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் வாங்கில் ஒருவரும் இருக்கவில்லை. ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் முன்வரிசைப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டார். ஸ்ரீபன் அண்ணை மட்டும் மூன்று வரிசை தாண்டி வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேற்று நீங்கள் குரலில் அனுப்பியதைக் கேட்டேன். "அனிற்றா எந்தப் பக்கம் சொன்னவள் எண்டு மாமி கேக்கிறா, அதை மட்டும் சொல்லு" என்கிறீர்கள். முடியாது அக்கா. ஸ்ரீபன் அண்ணை மாமியின் கேள்விக்கு வாய் திறந்துதான் இவ்வளவும் வந்தது. நான் திறக்க மாட்டேன். மாமி என்னைத் திட்டினால் பக்கத்தில் இருந்து கேளுங்கள், எனக்காக நியாயம் பேச வேண்டாம். தீர்ப்பன்று அனிற்றா சாப்பிட்டாளா என்று மாமி கேட்டால் மட்டும், இல்லை என்று சொல்லுங்கள்.

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த கிழமை நான் வருகிறேன், ரிக்கெற் எடுத்துவிட்டேன். மாமி எனக்குக் கதவைத் திறப்பாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். திறக்க மாட்டேன் என்றாலும் வருவேன், வாசலில் நிற்பேன். கேட்பதை என் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். என்னால் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான். மாதா அந்தத் தாயைக் கைவிடாமல் இருக்கட்டும்.

உங்கள் தங்கை,
அனிற்றா