நான் சந்தனம் பூசிய தலை

என் வாயாடி நாத்தனார் வளர்மதிக்கு,

நீ போய் நாற்பது நாள் கழித்து, நேற்றுதான் உன் படநோட்டைத் திறந்தேன்.

போன வருஷம் சென்னையிலிருந்து வந்து எங்கள் மாடியறையில் தங்கினாயே, புது ஓவியத்துக்கு யோசனை தேடிக்கொண்டு. தினமும் கோயில் மலைப்படியில் உட்கார்ந்து, முடி கொடுத்துவிட்டு இறங்குகிறவர்களின் பின்னந்தலையையே வரைந்தாய். ஒரே தலையைக் கரியில், மையில், வெறும் கோட்டில். ஒரு பக்கத்தில் தலைகளெல்லாம் பாறைகளாகிவிட்டன. அடுத்த பக்கத்தில் மறுபடியும் தலைகள்.

"எத்தினி மொட்டதான் வரைவ?" என்றேன்.

"எது வேணும்னு வரைஞ்சாத்தான் அண்ணி தெரியும்."

அப்புறம் ஒருநாள் நீயே மொட்டையாக வீட்டுக்குள் நுழைந்தாய். திருத்தணியில் மொட்டைத் தலையைப் பார்த்து யார் காரணம் கேட்பார்கள்? "இன்னாடி, எங்களுக்குக்கூட சொல்லாம வேண்டுதலா? பூசணிக்கா மாட்டம் கீது!" என்று சிரித்துக்கொண்டே சந்தனம் பூசினேன்.

"ஆங்" என்றாய். பிறகு, "கைய எடுக்காத அண்ணி. கொஞ்ச நேரம் அப்டியே வச்சிகினு இரு" என்றாய்.

குக்கர் விசிலடித்தது. கையை எடுத்துவிட்டேன்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில்தானே உனக்குப் புற்றுநோய் என்றே எங்களுக்குத் தெரியும்? "இப்பத்தான் தெரிஞ்சுது" என்று உன் அண்ணனிடம் சத்தியம் செய்தாயே, பாவி.

நோட்டின் நடுவில், கண்ணாடி பார்த்து வரைந்த உன் முகம். புருவம் இல்லை, இமைமுடி இல்லை. கீழே உன் கையெழுத்து: "இரண்டாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு முடியெல்லாம் கொட்டிவிட்டது. அண்ணிக்குத் தெரியாது." தினமும் புருவத்தில் மை தீட்டிக்கொண்டுதான் கீழே இறங்கினாயா? அதையும் 'என்ன அலங்காரம்' என்று கிண்டல் செய்தவள் நான். எனக்குக் கண் எதற்கு இருந்தது, வளர்மதி?

அதற்குப் பிறகு வந்த பக்கங்களில் எல்லாம் ஒரு தலை, அதன் மேல் ஒரு கை. மூடிய கை, விரல்கள் மட்டும், வெறும் நிழல். எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்திருக்கிறாய். கடைசிப் பக்கத்தில், "சரியாக வரவில்லை. அண்ணியின் கையைப் பார்த்து வரைய வேண்டும்."

கூப்பிட்டிருந்தால் வந்து உட்கார்ந்திருக்க மாட்டேனா? மாடியில் நீ பாதியில் விட்ட பெரிய ஓவியத்தில் அந்தக் கை வர வேண்டிய இடம் மட்டும் இன்னும் வெறும் துணியாக இருக்கிறது.

எனக்குக் கோலம் தவிர எதுவும் வராது. ஆனாலும் நானே வரைகிறேன். சந்தனம் பூசியது வலது கை, அதனால் அதைப் பார்த்து இடது கையால்தான் வரைய வேண்டும். எத்தனை தாள் வீணானாலும் ஆகட்டும். குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் இந்தத் தடவை கையை எடுக்கமாட்டேன்.

பக்கத்தில் இருந்தும் பார்க்காத உன் அண்ணி,
மேகலா