அக்கரைக்குப் போன கூவல்

கைநகரி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு

அன்பு மகள் ரின்சிக்கு அப்பச்சன் எழுதுவது. இங்கே நான், அம்மா, முற்றத்துக் கோழிகள் எல்லாரும் சுகம். அயர்லாந்துக் குளிரில் நீயும் ஜோமியும் உன் வயிற்றிலிருக்கும் சின்ன ஆளும் எங்களைவிடச் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷர் ஏன் தாளில் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். ஒருமுறை அனுப்பியது அனுப்பியதுதான், திரும்பி வராது என்று உன் அம்மா எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாலும் எடுத்தாள், எனக்குப் போனைத் தொடவே பயமாக இருக்கிறது. அதோடு நான் எதைத் தட்டினாலும் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் பிழை திருத்துகிறாள். நீ கேட்ட காரியத்தில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். அதை அம்மாதான் சொல்லுவேன் என்றாள், நான் அடம்பிடித்து அந்த உரிமையை வாங்கியிருக்கிறேன். ஆகவே அவசரப்படாமல் முழுதும் படி.

மழை இன்னும் விட்டபாடில்லை. வயலில் தண்ணீர் இறைக்கும் பம்பு இரவும் பகலும் ஓடுகிறது, அது நின்றால்தான் நமக்குத் தூக்கம் கெடும் என்று உனக்குத் தெரியுமே. நான் ரிட்டயர் ஆன பிறகு நம் அரசாங்கப் படகை ஓட்டுகிற புதுப் பையன் படகுத்துறையில் இடிக்காமல் நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை. அதைச் சொன்னால் "சாக்கோச்சேட்டா, நீங்க கரையில நின்னு ஓட்டுறது போதும்" என்கிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் அழுதாயே, அம்மா இல்லாமல் எப்படிப் பெறப் போகிறேன், ஜனவரியிலேயே வந்துவிடச் சொல்லுங்கள் என்று, அன்றைக்கு உன் அம்மா உன்னிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னவள் போனை வைத்ததும் கப்பைக் கிழங்கை உரிக்க உட்கார்ந்து, உரித்த கப்பையையே திரும்பத் திரும்ப உரித்துக்கொண்டிருந்தாள். நீ மகள், உனக்கு வருகிறேன் என்பதுதான் கேட்டது. எனக்கு அந்தக் கப்பையின் கதிதான் கண்ணில் பட்டது.

காரணம் அவளுடைய ஹாலந்து வகுப்பு. நாளைக்கு நம் பிள்ளைகள் எந்த நாட்டுக்காரனோடும் சேர்ந்து வேலை செய்ய வேண்டிவரும், அதற்கு இப்போதே பழகட்டும் என்று இந்த வருஷம் பள்ளியில் ஒரு ஏற்பாடு. ஹாலந்தில் ஒரு கிராமத்துப் பள்ளி, அவர்கள் ஊரும் நம் ஊர் போலவே கடலைவிடத் தாழ்ந்த ஊராம், கரையைக் கட்டித் தண்ணீரை வெளியே இறைத்துவிட்டுத்தான் பயிர் வைக்கிறார்களாம். இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் திரையில் முகம் பார்த்துப் பேசி, ஒரே வரைபடத்தில் இரண்டு ஊர்த் தண்ணீரையும் வரைய வேண்டும். ஹெட்மாஸ்டர் சுகதன் சார் அம்மாவைக் கூப்பிட்டு "லில்லி டீச்சரே, கஷ்டமா இருந்தா சொல்லுங்க, ஸ்ருதி டீச்சர் சின்னப் பொண்ணு, சட்டுனு பிடிச்சுக்குவா" என்றாராம். அவ்வளவுதான். "எனக்குக் கண்ணும் தெரியுது, காதும் கேக்குது சார்" என்று சொல்லிவிட்டு வந்து, அன்றிலிருந்து சமையலறை மேசை முழுக்க மடிக்கணினிதான், நான் மீன் கழுவ இடம் தேடி முற்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. ஆனால் உன் போன் வந்த பிறகு என்னிடம் சொன்னாள், "இச்சாயா, முதல் வகுப்பு ஒழுங்கா நடக்கலேன்னா நான் பெட்டியைக் கட்டிடறேன். நடந்துட்டா என்ன பண்றதுன்னுதான் தெரியல."

அந்த முதல் வகுப்பின் கதையை ஜோமி உனக்குச் சொல்லியிருப்பான், அவனும் அந்தக் கூத்தில் இருந்தானே. அவன் சொன்னது பாதிதான் இருக்கும். பெற்றோரும் ஓரமாக இருந்து பார்க்கட்டும் என்று அம்மா அந்த மீட்டிங் லிங்கைப் பெற்றோர் குழுவில் போட்டாள். நம் ஆட்களை அவள் மறந்துவிட்டாள். நம் ஊரில் ஒரு கரையில் கூவல் கேட்டால் யார், என்ன என்று எவன் கேட்கிறான், கேட்டவன் வாயைக் குவித்து அடுத்த கரைக்கு விடுவான், அங்கிருப்பவன் அதற்கடுத்த கரைக்கு. நூறு வருஷமாகக் கரை உடைகிறபோதெல்லாம் வயலைக் காப்பாற்றியது அதுதானே. லிங்க் வந்தபோதும் அதையேதான் செய்தார்கள். வீட்டுக் குழு, பள்ளிக் குழு, வள்ளங்களிப் பந்தயக் குழு, குவைத், தோஹா என்று போய்விட்டது. படகுக்காரர் குழுவில் போட்டது யார் என்று நீ கேட்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

வகுப்பு தொடங்கின நேரத்தில் திரை முழுக்க நம் ஜனம். பொன்னச்சன் குவைத்திலிருந்து பனியனோடு உட்கார்ந்து "எங்க வீட்டுப் பையன் எங்கடா, மூஞ்சியைக் காட்டுடா" என்று கத்துகிறான். தோஹாவிலிருந்து ஒருத்தன், "டீச்சரே என்னைத் தெரியுதா, மூணாவது பெஞ்சு, காதைத் திருகினீங்களே, இப்பவும் அந்தக் காதுதான் நல்லா கேக்குது" என்கிறான். யார் வீட்டிலோ மீன் பொரிகிற சத்தம். நானும் படகுத்துறையிலிருந்து கையை ஆட்டினேன், பொய் சொல்வானேன். உன் புருஷன் ஆஸ்பத்திரி உடுப்போடு ரொட்டி தின்றுகொண்டிருந்தான். உள்ளே இடமில்லாமல் ஹாலந்துப் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள். அம்மா எல்லாருடைய சத்தத்தையும் அடைக்கப் போய் வகுப்பையே மூடிவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து "யாரு லிங்கை வெளியே விட்டது" என்று கேட்டாள், நான் கோழிகளைப் பார்த்தேன். அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி மச்சிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். உனக்காக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட முடியவில்லை ரின்சி, அவள் முகம் அப்படி இருந்தது.

மறுநாள் அந்த ஊர் டீச்சர், அன்னெக்கே என்று பெயர், ஒரு செய்தி அனுப்பினாள். முண்டியடித்து உள்ளே வந்துவிட்ட இரண்டு ஹாலந்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்களாம். அவர்களுக்கு ஒரே கேள்வி, அத்தனை பேர் யார், ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். இதற்கு என்ன பதில் எழுத என்று அம்மா முழித்தாளாம். வகுப்பில் ஆர்த்ரா என்று ஒரு வாயாடிப் பெண், "டீச்சர், எழுத வேண்டாம், கூவிக் காட்டிடலாம்" என்றாளாம். இந்தத் தடவை வாசலில் ஆள் நிறுத்திப் பெயர் கேட்டு உள்ளே விடுகிற மாதிரி மீட்டிங்கைப் பிள்ளைகளே அமைத்தார்கள், என்னைக்கூட விடவில்லை, நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். நம் பிள்ளைகள் உடைந்த இங்கிலீஷில் கூவல் என்றால் என்ன என்று சொல்லி, மடிக்கணினியைத் தூக்கிப் படகுக் கடவில் கொண்டுபோய் வைத்து, அஃப்சல் என்கிற பையன் தொண்டை நரம்பு புடைக்கக் கூவினான். அக்கரையில் கள்ளுக்கடை மணியன் எடுத்து அடுத்த கரைக்கு விட்டான். ஹாலந்துப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள், எல்லாருக்கும் சந்தோஷம். இது பாடம்தான், நிஜமில்லை என்று அக்கரைக்கு முன்கூட்டிச் சொல்லிவைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் வள்ளம் வள்ளமாக ஆள் வந்து இறங்குகிறது. மண்வெட்டி, மணல் மூட்டை, மூங்கில், முன்னால் மணியன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "எங்க உடைஞ்சுது, எங்க உடைஞ்சுது" என்று ஓடி வருகிறான். உடைந்தது ஒன்றுமில்லை, பாடம் நடக்கிறது என்றதும் "பாடத்துக்காடா கூவுனீங்க, அங்க கள்ளுக் குடத்தை மரத்துலயே விட்டுட்டு வந்திருக்கேன்" என்று அவன் ஆரம்பித்தானே, நல்ல வேளை ஹாலந்துக்காரர்களுக்கு மலையாளம் தெரியாது. அப்போது திரையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குட்டிப் பெண் கேட்டாள், இப்படிப் பொய்யாகக் கூவினால் அடுத்த தடவை இவர்கள் வருவார்களா என்று. ஆர்த்ரா அதை மணியனுக்குச் சொன்னாள். மணியன் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, "வருவோம் மோளே, வராம எப்படி. ஆனா முதல்ல பொய் கூவினவனைத் தண்ணியில தள்ளிட்டுத்தான் வருவோம்" என்றான். அம்மா அந்தப் பேச்சை அங்கேயே பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு நடத்த வைத்திருந்த பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, எது அடுத்த கரைக்கு விட வேண்டிய கூவல், எது நம் கரையிலேயே நிற்க வேண்டியது, விடும் முன் யாரிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் பேசவிட்டாள். ஹாலந்தில் தண்ணீர் ஏறினால் கருவி ஆபீசுக்குச் சொல்லுமாம், ஆபீஸ் வீடுகளுக்குச் சொல்லுமாம். கருவியே தப்பாகச் சொன்னால் யாரைத் தள்ளுவீர்கள் என்று அஃப்சல் கேட்டான். மணி அடித்தும் ஒரு பிள்ளை எழுந்திருக்கவில்லை. முப்பது வருஷத்தில் உன் அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை, ஆல்பத்தில் அவள் முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று காப்பி குடிக்கும்போது அவள் அழுதாள். "நான் இப்பப் போனா இந்தப் பிள்ளைங்க பாதியில நிக்கும், போகலேன்னா என் பிள்ளை தனியா நிக்கும், என்ன செய்யட்டும் இச்சாயா" என்றாள். நான் போகிறேன் என்றேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவளுக்கு. நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினாள். ஆமாம் மகளே, ஜனவரி இரண்டாம் வாரம் வரப்போவது நான். விசா நேற்றுத்தான் வந்தது, அதனால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோம். எனக்காக யாரும் தட்டித் தரக் கூடாது என்று அம்மா சட்டம் போட்டதால் அந்த விண்ணப்பத்தை நானே கணினியில் நிரப்பினேன். பரீட்சை முடிந்து ஏப்ரலில் லீவு விட்டதும் அம்மாவும் வந்து சேருவாள்.

உனக்குச் சந்தேகம் வரும், படகு ஓட்டினவருக்குப் பிள்ளை குளிப்பாட்டத் தெரியுமா என்று. அதற்கும் எட்டாம் வகுப்புதான். தூரத்தில் இருக்கிறவர் நம்மிடம் திருப்பிக் கேட்காமலே செய்யும்படி ஒரு வேலையை விளக்க வேண்டும், இதுதான் அடுத்த பாடமாம். பிள்ளையைக் குளிப்பாட்டுவது என்று எடுத்துக்கொண்டார்கள். சோதித்துப் பார்க்க ஒன்றுமே தெரியாத ஆள் வேண்டும், யார் என்று அம்மா கேட்டதற்கு வகுப்பே ஒரே குரலில் என் பெயரைச் சொன்னதாம். உன் பழைய பொம்மை, ஒரு கண் மூடாமலே இருக்குமே, அதுதான் பிள்ளை. தண்ணீரை ஊற்றவும் என்று போட்டிருந்தது, எங்கே என்று போடவில்லை, நான் மூஞ்சியிலேயே ஊற்றினேன். பிள்ளைகள் தலையில் கைவைத்துக்கொண்டு மாற்றி எழுதினார்கள். சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும் என்று ஹாலந்துப் பிள்ளைகள் படம் வரைந்து சேர்த்தார்கள், எண்ணெய் தேய்ப்பதை நம் பிள்ளைகள் வீடியோ எடுத்தார்கள். இப்போது அந்தப் பொம்மையைப் போலச் சுத்தமான பொம்மை இந்தக் குட்டநாட்டிலேயே கிடையாது. உனக்கு வேண்டிய மருந்துக் கஞ்சியும் லேகியமும் அம்மா கையால் செய்து கொண்டுவருகிறேன்.

அப்பச்சனிடம் எப்படி என்று கூச்சப்படாதே. நீ பிறந்தபோது ஆண்களுக்கு அங்கே என்ன வேலை என்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே உன்னைக் குளிப்பாட்டுகிற தண்ணீர்ச் சத்தத்தை வெளியே நின்று கேட்டிருக்கிறேன், ஒருநாளாவது உள்ளே கூப்பிட மாட்டார்களா என்று ஆசையாக இருக்கும். யாரும் கூப்பிடவில்லை. இப்போது நீ அங்கிருந்து அம்மாவைக் கூவினாய், அது என் காதில்தான் விழுந்தது என்று வைத்துக்கொள். இங்கே ஆள் கிளம்பியாயிற்று.

குளிரில் கால் உறை இல்லாமல் நடக்காதே, ஜோமியை உறைந்த மீன் வாங்கவிடாதே. உனக்கும் பிறக்கப்போகிற ஆளுக்கும் மாதாவின் துணையும் எங்கள் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. ஒரு முக்கியமான விஷயம், இந்தக் கடிதத்தைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போடாதே. போட்டால் ஏர்போர்ட்டுக்கு வழியனுப்ப மண்வெட்டியோடு ஊரே வரும்.

இப்படிக்கு,
உன்னைக் குளிப்பாட்டாத,
உன் பிள்ளையைக் குளிப்பாட்டப்போகிற
அப்பச்சன்
சாக்கோ