மலைக்குப் போனால் தீரும் வலி இல்லை இது

தலவாக்கலை,
ஞாயிறு.

அன்புள்ள மகன் கஜேந்திரனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. நீயும் உன் அம்மாவும் போனில் மாறி மாறி நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லியே அந்த வார்த்தையைத் தேய்த்துவிட்டீர்கள். சின்ன வயதில் என் வகுப்பில் உட்கார்ந்து நீ ஒரு நாள் கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா, மழை விட்ட பிறகும் ஏன் சார் ஆத்துல தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு என்று. மேலே மலையில் பெய்தது கீழே வந்து சேர நேரமாகும் என்று சொல்லி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ஓடைக்கே கூட்டிப் போய்க் காட்டினேன். அன்று தலையாட்டியவன் இன்று மறந்துவிட்டாய். உங்கள் இரண்டு பேருக்கும் வந்த கொரோனா போய்விட்டது, காய்ச்சலும் விட்டது, அதோடு உடம்பும் சரியாகிவிட வேண்டும் என்று நீயும் நினைக்கிறாய், அம்மாவும் நினைக்கிறாள்.

அவளுக்கு இன்னும் தோளும் முழங்காலும் விடவில்லை. காலையில் விரல் மடங்காமல், ரொட்டிக்கு மாவு பிசையுமுன் கையைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கேட்டால் பனி என்கிறாள். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார், இந்தக் கிருமி வந்து போனால் சிலருக்குத் தசையும் மூட்டும் மாதக்கணக்கில் வலிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும், களைக்கும் முன்பே உட்கார வேண்டும், பாரம் தூக்கக் கூடாது, மூட்டு வீங்கினால் உடனே வர வேண்டும் என்று. உன் அம்மா அவருக்கே பாடம் நடத்தினாள். "இது தேயிலக் கொழுந்து எடுக்குற வலி மாதிரித்தாங்க டாக்டரம்மா. புதுசா மலைக்குப் போறவளுக்கு மொத வாரம் தோளு கழண்டுரும். படுத்தா போச்சு. விடாமப் போனா வலி தானா ஓடிரும்" என்றாள். விடியுமுன் பெரட்டில் பேர் கொடுத்து மலைக்குப் போயே வயதானவளிடம் யார் பேசுவது. வீட்டுக்கு வந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு அன்றைக்கே காசு கிடைக்கும் கைக்காசுக் கொழுந்து பறிக்கக் கிளம்பினாள். சாயங்காலம் ரவிக்கையைக் கழற்றப் பக்கத்து வீட்டுப் பிரியந்தி வர வேண்டியிருந்தது. மறுநாளும் போனாள். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணக்குப் புரியவைத்த எனக்கு இவளுக்கு இதைப் புரியவைக்கத் தெரியவில்லை.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. நீ வேலைக்குப் போன ஊரில் கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பழையபடி எழுந்து நடந்தால் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள் அல்லவா, அதை இந்தத் திருவிழாவிலேயே எடுக்கப் போகிறாளாம். போன கிழமை கேத்தலைத் தூக்கியவளுக்குக் கை விட்டுப்போய்க் கொதிதண்ணீர் காலுக்குப் பக்கத்தில் கொட்டியது. கேத்தலைத் தாங்காத கை நெருப்பைத் தாங்குமா என்று கேட்டேன். "கேத்தலத்தான் நான் தூக்குறேன். சட்டிய ஆத்தா தூக்கிக்குவா" என்கிறாள். மூக்கன் பூசாரியே வந்து, அடுத்த வருசம் எடுக்கலாமே லெட்சுமி, ஆத்தா எங்கயும் போயிற மாட்டா என்று சொல்லிப் பார்த்தார். "எம்புள்ள நல்லாகி வேலைக்குப் போயிட்டான். அவ குடுத்துட்டா, நான் இழுத்தடிக்கலாமா" என்று அவரையும் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அந்த இடத்தில்தான் அவள் கணக்கு தப்பு. உன்னோடு ஒரே அறையில் தங்கும் பிரதாப் லீவில் வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாம் சொல்லிவிட்டான். தோள் வலியில் மேல்கட்டிலில் ஏற முடியாமல் நீ தரையில் படுக்கிறாயாம், வலி மாத்திரை போட்டுக்கொண்டு வேலையில் பெட்டி தூக்குகிறாயாம், கேட்டால் விடாமல் செய்தால் ஓடிவிடும், எங்கம்மா சொன்ன வைத்தியம் என்கிறாயாம். அவனைத் திட்டாதே. போனில் இதையெல்லாம் பேசலாம் என்றால் அவள் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் திரும்பி வருகிற பிரதாப் கையில் இந்தக் கடிதம்.

நீ இன்னும் பழையபடி ஆகவில்லை என்று தெரிந்தால் அவள் சட்டியைத் தொடமாட்டாள். நான் சொன்னால் சாக்குச் சொல்கிறேன் என்பாள். உன் வாயாலும் வராது, அது எனக்குத் தெரியும். மாத்திரையை நீயாக வாங்கிப் போடாதே, டாக்டரிடம் காட்டி, பாரமில்லாத வேலையாகக் கேள். ஆத்தா துணையிருப்பாள், நீ நீண்ட நாள் நோயில்லாமல் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் அம்மா முகம் வந்ததும் ஒன்றும் பேசாமல் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கு, எதுவரை போகிறதோ அதுவரை போதும். பிறகு அவளையும் தூக்கச் சொல்.

உன் அப்பா,
செல்லசாமி