வண்டி ஓடவில்லை, பொறுப்பு நான்

அன்புள்ள அத்தை,

இன்று காலை பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில் நம் அறக்கட்டளையின் கரும்பலகையைத் துடைத்தேன். சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறி அடுக்கடுக்காகத் தும்மல். போன ஐப்பசியில் நீங்கள் போய்ச் சேர்ந்தபின் பலகை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. "இந்த வாலு கையிலயா வரவு செலவு?" என்று தெருவே சிரிக்கிறது. நியாயமான கேள்விதான்.

சிறுநீரகம் கெட்டவர்களை மதுரை ஆஸ்பத்திரிக்கு இலவசமாக ஏற்றிப்போகும் வேன் நம்முடையது. உங்கள் கூடப்பிறந்த தம்பி, அதாவது என் அப்பா, போவதும் அதில்தான். பொருளாளர் நீங்கள். உங்கள் தையல் கடையில் நூலுக்குச் சிக்கு விழலாம், அறக்கட்டளைக் கணக்குக்கு விழக்கூடாது. யார் எவ்வளவு கொடுத்தார், எதற்குப் போயிற்று என்று மாதாமாதம் பலகையில் எழுதிவிடுவீர்கள். உண்டியலில் நான் சோடா மூடியைப் போட்டதற்கும் ஒரு வரி எழுதினீர்கள்: "சோடா மூடி ஒன்று. கொடுத்தவர் பெயர் தெரியும்."

போன கோடையில் வேனின் இன்ஜின் கையை விரித்தது. மில் முதலாளி ஒருவர் கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"அம்பதாயிரம் தாரேன். ரெண்டு லச்சம்னு ரசீது போட்டுக் குடுங்க. எனக்கு வரிக்கு ஆகும், உங்களுக்கு வண்டி ஓடும்."

"மிச்சம் ஒன்றர லச்சத்த எந்த நோயாளிக்குச் செலவழிச்சேன்னு எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் மோர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம்! "உங்க தம்பி மதுரைக்கு நடந்தா போவாரு?" என்றேன். நீங்கள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனீர்கள். பலகையில் எழுதினீர்கள்: "வண்டி ஓடவில்லை. பணம் இல்லை. பொறுப்பு நான்."

மாலையில் அதன் கீழே நான் எழுதினேன்: "பொறுப்பை ஊற்றினால் ஓடுமா? பெட்ரோல் வேண்டும்." மறுநாள் பார்த்தால் நீங்கள் அதை அழிக்கவில்லை. 'பெட்ரோல்' மட்டும் அடிக்கப்பட்டு 'டீசல்' ஆகியிருந்தது.

"இவுக நேர்மைக்கு நாங்க பஸ்ஸுல தொங்கணுமா?" என்று நோயாளிகள் கடை வாசலில் நின்று திட்டினார்கள். திட்டை வாங்கிக்கொண்டே கடையைப் பூட்டி, நோயாளிகளோடு மதுரை பஸ் ஏறினீர்கள். "ஏ தம்பி, எந்திரி! இவுக உக்காரணும்" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் கண்டக்டரே எழுந்து நின்றார். திரும்பும்போது அப்பா களைத்துப்போய் உங்கள் தோளில் தூங்கிவிட்டார். "ஒங்கப்பன் எம் புதுச்சேலையில ஜொள்ளு ஒழுக்கிட்டான்டி" என்று என்னிடம் புகார் சொன்னீர்கள். உங்கள் கண் மட்டும் கலங்கியிருந்தது.

சவுதியிலிருந்து விடுப்பில் வந்த பாய் ஒருவர், எம்.ரெட்டியபட்டிக்காரர், பஸ்ஸுக்கு நிற்கையில் பலகையைப் படித்தார். தான் முந்தின மாதம் அனுப்பிய பணம் எந்த டயருக்குப் போயிற்று என்பதுகூட அதில் இருந்தது. படம் எடுத்துத் தன் அறைக்கூட்டாளிகளுக்கு அனுப்பினார். அவர்கள் பணத்தில் இன்ஜின் வந்தது, கொஞ்சம் மீந்தது. இன்ஜினுக்கென்று தந்ததை டீசலுக்குப் போடலாமா என்று அவருக்குப் போன் போட்டீர்கள். "யக்கா, இதயெல்லாமா கேப்பாக!" என்று அவர் சிரித்தார். அவர் சரி என்று சொல்லும்வரை நீங்கள் விடவில்லை.

நேற்று அறக்கட்டளைக் கூட்டம். வேன் மறுபடி படுத்துவிட்டது. அதே முதலாளி, அதே பேச்சு. உங்கள் இடத்துக்கு வந்த புதுப் பொருளாளர் நெளிந்தார். வந்திருந்த நோயாளி அப்பா ஒருவர்தான். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அப்பா மெல்ல எழுந்தார். "எங்கக்கா இருக்கும்போதே பஸ்ஸுல போனவன்யா நான். இப்பயும் போறேன். ரசீதுல பொய் வேண்டாம்."

புதுப் பொருளாளர் முதலாளியைக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

நாளை விடியலில் மதுரை பஸ். அப்பாவோடு நான் போகிறேன், அத்தை. சொத்து என்று நீங்கள் எனக்கு விட்டுப்போனது உங்கள் தொண்டை. சீட்டில் இருப்பவன் எப்பேர்ப்பட்ட பயில்வானாக இருந்தாலும் சரி, எழுந்துவிடுவான்.