பாலத்துக்கு அப்பால் ஓர் உண்டியல்

வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். முதலில் உன் சுகத்தையும் பிள்ளைகள் படிப்பையும் கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். உன் அத்தானை அக்கரை மாகாணத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். உண்டியல் வழக்கு. திங்கட்கிழமை நீதிபதி முன் நிறுத்துகிறார்கள்.

போனில் சொல்லக்கூடாதா என்பாய். என் குரல் இப்போது என் பேச்சைக் கேட்பதாக இல்லை. மேல்வீட்டு லாரிக்காரர் இன்று தலைநகருக்குக் கிளம்புகிறார். இதை உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நம் சங்கம் என்ன செய்கிறது என்று உனக்குத் தெரியும். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குக் காற்று மெத்தை வாங்கித் தருகிறோம், புண்ணுக்குக் கட்டுப் போட நர்சை அனுப்புகிறோம். அதற்காகத்தான் உன் அத்தான் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் காலை ரயிலில் உண்டியலோடு ஏறுகிறார். ஆற்றுப் பாலத்தின் இரும்பு தெரிந்ததும் நான் தைத்துக் கொடுத்த கறுப்பு உறையை உண்டியலுக்கு மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஆற்றின் நடுவிலிருந்து அந்த மாகாணம், அங்கே வசூலிக்க நமக்கு அனுமதி இல்லை. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பும் ரயிலைப் பிடிப்பார். தினமும் வருகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. "பெரியவர் கடையைச் சாத்திட்டாரு, எழுந்திரிங்கடா" என்று தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்புவார்களாம்.

செவ்வாய்க்கிழமை ரயில் பாலத்தைத் தாண்டி சிக்னலில் நின்றுவிட்டது. பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு பெண் இவரைத் தேடி வந்திருக்கிறாள். நம் மெத்தையில் கிடந்து இறந்துபோன ஒருவருடைய மகள். இவர், "பாலம் தாண்டிடுச்சும்மா, நாளைக்குப் போடு" என்றாராம். "அப்பா போனது இதே நாள்தான் மாமா. நாளைக்குப் போட்டா அது வேற காசு" என்று சொல்லிவிட்டு அவளே உறையைத் தூக்கிக் காசைப் போட்டுவிட்டாள். இவர் தடுக்கவில்லை. அழுகிற பெண்ணின் கையை எப்படித் தட்டிவிடுவது? எதிர் இருக்கையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் அதை மடித்து வைத்துவிட்டு, அந்த மாகாணத்து அதிகாரி என்று அடையாள அட்டையைக் காட்டினார்.

இனி உன்னிடம் எனக்குள்ள வழக்கு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். துணி வெட்டும் மேசையில் அரசிதழை விரித்து, புரியாத சொல்லைச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டுப் படித்தவள். எனக்கே விளங்குகிற விஷயம் உன் சட்டத் துறைக்கு ஏன் விளங்கவில்லை? இங்கே உண்டியலுக்கு ஈய முத்திரை வைக்க வேண்டும், அதை உடைத்தால் குற்றம். அங்கே அவர்கள் அலுவலகத்துப் பூட்டைப் போட வேண்டும், முத்திரையை உடைக்காமல் பூட்டைப் போட வழியில்லை. இரண்டு சட்டத்துக்கும் பொருந்துகிற உண்டியலை எந்தத் தகரக்காரனும் செய்ய முடியாது. அங்கே அனுமதி கேட்டு எழுதினேன். உங்கள் ஊர்ப் பதிவு எங்களுக்குச் செல்லாது என்று பதில் வந்தது. உனக்கு எழுதினேன். "ஒரே சட்டம்னா எல்லா மாகாணமும் ஒத்துக்கணும் அக்கா, கமிட்டி பேசிக்கிட்டிருக்கு" என்றாய். பேசிப் பேசி உங்களுக்கு டீ வாங்கிய செலவில் நான் இன்னும் பத்து மெத்தை வாங்கியிருப்பேன். போன வருடம் இதைச் சொன்னதற்குத்தான் நீ கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தினாய். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

நேற்று சிறைக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். சட்டையில் மேல் பொத்தான் இல்லை. என்னைப் பார்த்ததும், "என்ன வக்கீலம்மா, கேஸ் எப்படிப் போகுது?" என்று சிரித்தார். உதடு நீலம் பூத்திருந்தது, தம்பி. கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. இதயத்துக்கு அவர் போடும் மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். நம் டாக்டர் சீட்டு அங்கே செல்லாதாம். அவர்கள் டாக்டர் திங்கட்கிழமைதான் வருவாராம். நான் கத்தினேன். வாசலில் இருந்த காவலர் பெண், "சத்தம் போட்டா இனிமே பாக்க விடமாட்டாங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். அதன் பிறகு நான் கத்தவில்லை. யாராவது சொன்னவுடன் அடங்குகிறவளா நான்? நேற்று அடங்கினேன்.

அரசுத் தரப்பு வக்கீல் ஒரு வழி சொன்னார். பொதுமக்களை ஏமாற்றி வசூலித்தேன் என்று இவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்தக் கையெழுத்தோடு நம் சங்கத்தின் பதிவு இங்கேயும் ரத்தாகும். நம்முடைய நல்ல பெயர் ஆற்றைத் தாண்டாது, கெட்ட பெயர் மட்டும் தாண்டும். கையெழுத்துப் போடாவிட்டால் வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போகும். மாதக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும்.

நான் அவரிடம், "போட்டுட்டு வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றேன். ஆமாம், நான்தான். அவர் என்னை வேற்றாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வாங்கினேன்னு எழுதித் தரச் சொல்லு, தரேன். ஏமாத்தினேன்னு எப்படி எழுதறது? செய்யாத தப்பை ஒத்துக்கக் கூடாதுன்னு நீதானே ஊருக்கெல்லாம் சொல்றே?" என்றார். அந்தப் பெண் யாரென்றும் சொல்ல மாட்டேன் என்கிறார். இத்தனை வருடத்தில் நான் இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்த மனிதர். இப்போது போயா பிடிவாதம் கற்றுக்கொள்ள வேண்டும்?

மெத்தைகள் அவரவர் வீட்டில்தான் இருக்கின்றன, யாரும் பிடுங்க முடியாது. நர்சிடம் பேசிவிட்டேன், இந்த மாதம் சம்பளம் இல்லாமலே வருகிறேன் என்றாள். அடுத்த மாதத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை. இரவு விளக்கை அணைத்தால் அந்த உதடுதான் தெரிகிறது. விளக்கை எரியவிட்டே படுக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை உறவினர் ஒருவரைப் போனில் பேச விடுவார்கள். எண்ணைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். என் முறையை உனக்குத் தருகிறேன். நீ சட்டம் எழுதுகிற ஆள், நீ சொன்னால் கேட்பார். கையெழுத்துப் போடுவதில் கேவலம் இல்லை என்று சொல். எல்லா மாகாணத்துக்கும் ஒரே சட்டம் வந்துகொண்டிருக்கிறது, வந்ததும் பெயரைச் சுத்தம் செய்துவிடலாம் என்று சொல். வருமா என்று உன்னை நான் கேட்க மாட்டேன். கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய்.

நான் சொல்லச் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதே. அக்கா கொஞ்சமும் இறங்கி வரவில்லை, ஊரையே ஒரு வழி பண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று சொல். அதைக் கேட்டால் சிரிப்பார்.

உன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருங்கள். இரவு கதவைத் தாழிடும்போது, உள்ளே இருக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் உள்ளே இருக்கும்படி உனக்கு என்றைக்கும் அமையட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா