சுத்தி செய்தது

நாள் 41, காலை
போபோஸ் நிலாக் கிடங்கின் ஆய்வகம். பதிபவர்: நச்சியல் ஆய்வாளர் வேலாண்டி. இங்கே ஆள் நான் ஒருவன்தான். பூமியிலிருந்து வந்த அமுக்கரா வேர் மூட்டைகளில் பாதி, போன வாரமே கீழே செவ்வாய்க் குடியிருப்புக்குப் போய்விட்டது. மீதிக்கு வழக்கமான சோதனை. சீட்டில் ‘சுத்தி செய்தது’ என்றிருக்கிறது. பார்வைக்குப் பழுதில்லை.

நாள் 42, காலை
பழுதில்லையாவது. வேரை உடைத்தால் உள்ளே பச்சையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சை நஞ்சு, ஈரலைத் தின்னும் ரகம். சித்த மருத்துவத்தில் சுத்தி என்றால் வேரைப் பால் ஆவியில் அவித்து உலர்த்துவது. அவித்த புண்ணியவான்கள் ஒழுங்காக உலர்த்தாமல் ஈரத்தோடு மூட்டை கட்டியிருக்கிறார்கள்.

கீழே என் தங்கை பேச்சியம்மாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள். தெம்புக்குத் தினமும் இந்த வேரின் பொடியைத்தான் பாலில் குடிக்கிறாள். உடனே எச்சரித்தேன். அங்கே பண்டகசாலையைப் பார்த்துக்கொள்ளும் அவள் கணவர் சுடலைமுத்துவின் பதில்:

“மச்சான், சீட்டுலயே சுத்தின்னு போட்டிருக்கே. இதவிட என்ன சுத்தம் வேணும்?”

தலையில் அடித்துக்கொண்டேன்.

நாள் 43, மதியம்
சுத்தி வேறு, சுத்தம் வேறு என்று மறுபடி விளக்கினேன்.

“கொதிக்க வெச்சா பூஞ்சை செத்துராதா மச்சான்? அவளுக்குக் கண்ணு லேசா மஞ்சளா இருக்கு. தெம்பு பத்தலன்னு ஒரு கரண்டி கூடப் போடுதேன்.”

பூஞ்சை சாகும். அது கக்கிய நஞ்சு சாகாது. இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. பக்கத்தில் இருந்தால் டம்ளரைப் பிடுங்கி வீசியிருப்பேன். இறங்க விண்ணோடம் இல்லை.

நாள் 44, காலை
கீழே புழுதிப் புயல். ஒலி அறுந்து அறுந்து போகிறது. ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறேன்: “மறுபடி சுத்தி பண்ணுனாலும் குடுக்காதீங்க மாப்ள.” பயமாக இருக்கிறது.

நாள் 44, மாலை
பதில் வந்தது. அப்படியே பதிகிறேன்.

“மச்சான், இரைச்சல்ல பாதிதான் கேட்டுச்சு. ‘மறுபடி சுத்தி பண்ணுனா’ன்னீங்க. நானும் பால்ல இன்னொருக்கா அவிச்சிட்டேன். இப்பம் கசப்பே இல்லையாம். ரெண்டு டம்ளர் குடிச்சிட்டுத் தூங்குதா. எழுப்புனாலும் எந்திரிக்க மாட்டேங்கா. நல்ல தூக்கம். நீங்க சொன்னதுதான் சரி மச்சான்.”

‘குடுக்காதீங்க’ கடைசியில் இருந்தது. அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது அதை மட்டும்தான் அனுப்புகிறேன். குடுக்காதீங்க. குடுக்காதீங்க. கீழேயிருந்து பதில் இல்லை. குடுக்கா