சுகந்தியின் கார்டை நான் கொடுத்தேன்

அன்பு மருமகளே சுகந்தி,

உன் தாய்மாமன் எழுதுகிறேன். முதலில் நல்ல சேதி. உன் சாவுக்கு அக்கரப்பத்தனையே திரண்டு வந்தது. கடைசி ஆள் நம் லயத்து வீட்டை விட்டுக் கிளம்பும்போது முதல் ஆள் அடக்கம் முடித்துத் திரும்பிக் குளித்துவிட்டான். தப்பு மேளச் சத்தம் வட்டவளை வரைக்கும் கேட்டதாம்.

மற்ற சேதிதான் சரியில்லை.

காய்ச்சலோடு உன்னை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான். ஒரு ஊசி உனக்கு ஆகாது என்று சிவப்பு மையில் எழுதிய கிளினிக் கார்டை என் கையாலேயே நர்ஸிடம் கொடுத்தேன். நீயும் சொன்னாய்: "மிஸ், அந்த ஊசி எனக்கு ஒத்துக்காது, கார்டப் பாருங்க." அவள் கார்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அதே ஊசியைப் போட்டாள். உன் உதடு வீங்கியது. மூச்சு இழுத்தது. என் விரலைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. என் வாழ்நாளில் எந்த ஆஸ்பத்திரியில் எனக்கு நாற்காலி போட்டார்கள்? அன்றைக்குப் போட்டார்கள். பால் தேத்தண்ணி வந்தது. டாக்டர் "மாத்தயா" என்று மரியாதையாகக் கூப்பிட்டார். தேத்தண்ணி வந்த வேகத்தில் உன்னிடம் அவர் வந்திருக்கக் கூடாதா? திரும்பி மேசையைப் பார்த்தேன். கார்டு இல்லை. அந்த நர்ஸும் இல்லை.

சிங்களத்தில் எழுதிய ஒரு தாளை நீட்டினார்கள்.

"தமிழ்ல சொல்லவாங்க?" என்று கிளார்க் கேட்டான்.

"யாருக்கு? கொழும்புல பத்து வருசம் கடை நடத்துனவன் நானு! சிங்களப் பேப்பரத் தலைகீழா வச்சே வாசிப்பேன்!"

மேலிருந்து கீழ்வரை கண்ணை ஓட்டினேன். தலையை ஆட்டினேன். சுழியும் வாலுமாகக் கையெழுத்துப் போட்டேன். உன்னை வீட்டுக்குக் கொண்டுபோக விடும் தாள் என்று நினைத்தேன், மகளே.

போன வாரம் உன் சாவு பற்றிய விசாரணைக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது, அந்தத் தாளின் நகலோடு. கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டதாகச் சொல்லி, லயத்துக்குப் பேக்கரிப் பாண் கொண்டுவரும் சோமபாலவிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தான்.

"மாமா, நீங்க சொன்னதா இதுல இருக்கு. கார்டு கொண்டுவரவே இல்லையாம். ஊசி ஒத்துக்காதுன்னு யாரும் சொல்லலையாம்."

உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "குடுத்தேன்னு சொன்னியேடா தம்பி?" பதிலுக்கு நிற்காமல் அடுப்புக்குத் திரும்பிவிட்டாள். நின்று கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தாலே கதை விடுகிறவன் என்று பேர் வாங்கியவன் நடந்ததைச் சொன்னால், கூடப்பிறந்தவளே நம்புவாளா?

நேற்று அந்த கிளார்க் நம் வாசலுக்கே வந்தான். "நீங்க படிச்ச மனுசன், வாசிச்சுத்தானே போட்டீங்க?" என்று சிரித்தான். எனக்கு எது பிடிக்கும் என்று எவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், பார்த்தாயா?

வியாழக்கிழமை விசாரணை. உன் அம்மா முன்னால், அந்த டாக்டர் முன்னால் எழுந்து நின்று சொல்வேன். கார்டைக் கொடுத்தேன். எனக்குச் சிங்களத்தில் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. கொழும்பில் நான் கடை நடத்தவில்லை, கடையைக் கூட்டினேன். இதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கமாட்டேன். உன்மேல் சத்தியம்.

கார்டை நர்ஸிடம் கொடுத்த
உன் தாய்மாமன்